உண்பொருள் உயிராகும்போது: ‘கிளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ் 2’ அசைவூட்டப் படத்தில் பரிவின் எல்லை

முன்னுரை

சோனி பிக்சர்ஸ் அனிமேஷன் நிறுவனத்தின் ‘கிளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ்’ (2009) படத்தில் ஃபிளின்ட் லாக்வுட் என்னும் இளைஞன் நீரை உணவாக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறான். கோடி கேமரன், கிறிஸ் பெர்ன் ஆகியோர் இயக்கிய இரண்டாம் பாகத்தில் (2013) அக்கருவி உணவுக்கே உயிரூட்டுகிறது. சிறுவர்க்கான நகைச்சுவைப் படமாக இது அமைந்தாலும், எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவுக்குப் படம் தரும் விடை முரணுடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லில் பிறக்கும் உயிர்கள்

இப்படத்தின் உயிரினங்கள் சொல்விளையாட்டில் பிறந்தவை. இறாலைக் குறிக்கும் ‘ஷ்ரிம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘சிம்பன்சி’யும் இணைந்து ‘ஷ்ரிம்பான்சி’ ஆகின்றன. தர்ப்பூசணி யானையாகிறது; சீஸ்பர்கர் சிலந்தியாகிறது. இவற்றுள் இறாலின் நிலை தனித்து நோக்கத்தக்கது. இயல்பில் உயிராக இருந்து உணவான இறால், மீண்டும் உயிர்பெறக் குரங்கின் உடலைக் கடன்பெற வேண்டியுள்ளது. விளக்கவுரை ஏதுமின்றி இதனை நகைப்பாகவே காட்டியிருப்பது படத்தின் சிறப்பு.

உண்பவரும் உண்ணப்படுவனவும்

செஸ்டர் வி என்னும் அறிவியலாளர் இவ்வுயிர்களைத் தம் நிறுவனத்தின் உணவுக்கட்டிகளுக்கு மூலப்பொருளாக்க முனைகிறார். ஃபிளின்ட் அவற்றைக் காக்கிறான். இறுதியில் சீஸ்பர்கர் சிலந்தி செஸ்டரை விழுங்குகிறது. உண்ணும் உரிமை மனிதர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இக்காட்சி துணிவுடன் நிறுவுகிறது.

ஆயினும், ஃபிளின்டின் தந்தை டிம், ஊறவைத்த வெள்ளரிக்காய் மனிதர்களோடு நட்புக்கொண்டு அவர்களுக்கு மீன்பிடிக்கக் கற்றுத்தருகிறார். முடிவில் தந்தையும் மகனும் முதன்முறையாகச் சேர்ந்து மீன்பிடிக்கின்றனர். தந்தை–மகன் உறவு நிறைவுறும் இக்காட்சியில் மீன் வெறும் கருவியாகவே நிற்கிறது. பேரி என்னும் ஸ்ட்ராபெரிக்குக் கிடைத்த பரிவு மீனுக்குக் கிடைக்கவில்லை. வரைந்து பெற்ற கண்களுக்கு இரங்கும் படம், பிறவியிலேயே கண்ணுடைய உயிரைக் கடந்து செல்கிறது.

முடிவுரை

விளையாட்டுப் படத்தை இவ்வாறு எடைபோடலாமா எனக் கேட்கலாம். உயிர்களைக் கொல்லலாகாது என்பதையே கதையின் திருப்பமாக வைத்த படத்திடம் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே. இப்படம் பரிவை உயிருக்கு வழங்கவில்லை. பேசும் முகத்திற்கு வழங்குகிறது. எனவே, சிறுவர் அசைவூட்டப் படங்களை ஆராய்வோர், கண்ணும் குரலும் எவற்றுக்கு அளிக்கப்பட்டுள்ளன என்பதோடு, எவற்றுக்கு மறுக்கப்பட்டுள்ளன என்பதையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.