சித்திரத் தொகுதியும் பரீட்சகரின் துலாக்கோலும்

மாணாக்கரின் சித்திரத்தை எங்ஙனம் அளப்பது என்பது கல்வியுலகிற் பழமையானதொரு வினா. கணக்கின் விடை சரியெனவோ பிழையெனவோ துணியப்படும். சித்திரத்திற்கு அத்தகைய விடை இல்லை. 1897ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே சிறுவர் சித்திர வகுப்பினைத் தொடங்கிய பிரான்சு சீசெக்கு, குழந்தையின் ஆக்கம் வளர்ந்தோரின் அளவைகளுக்கு உட்பட்டதன்று எனக் கருதினார். அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக்கு 1913இல் வேறொரு நெறியை வகுத்தார். 8 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் சித்திரங்கள் சிலவற்றைப் பலரைக் கொண்டு மதிப்பிடுவித்து, தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை நிரல்படுத்தி, அவற்றையே அளவுகோலாக்கினார். அக்கோல் முடிந்த தாளை மட்டுமே அளந்தது. அதனை அடைதற்கு மாணாக்கர் நடந்த வழி அதன் கணக்கிற் சேரவில்லை.

அவ்வழியையும் அளத்தற்கு உதவுவது தொகுதி மதிப்பீடாகும். அமெரிக்க மேனிலைப் பள்ளி மாணாக்கருக்குக் 'கொலிஜ் போட்' என்னும் நிறுவனம் நடத்தும் உயர்தரச் சித்திரத் தேர்வு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. 2019-20ஆம் கல்வியாண்டிற் புகுத்தப்பட்ட அமைப்பின்படி, தொகுதி இரு கூறுகளை உடையது. தேர்ந்தெடுத்த ஆக்கங்கள் 5. இவற்றிற்கு நூற்றுக்கு 40 பங்கு. ஒரு வினாவைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தமையைக் காட்டும் படங்கள் 15. இவற்றிற்கு 60 பங்கு. இப்பதினைந்தில், முடிவுற்ற ஆக்கங்களோடு, செய்முறையின் இடைநிலைகளைக் காட்டும் படங்களும் இடம்பெறலாம். முயற்சியும் திருத்தமும் மதிப்புப் பெறுதல் இவ்வமைப்பின் தலையாய சிறப்பாகும்.

இனி, இதன் குறையும் நோக்கற்பாலது. தம்மை வழிநடத்திய வினா யாது, பயிற்சியும் பரிசோதனையும் திருத்தமும் எங்ஙனம் நிகழ்ந்தன என்பவற்றை, ஒவ்வொன்றும் 600 எழுத்துக்குறிகளுக்கு மேற்படாத இரு விடைகளில் மாணாக்கர் எழுதுதல் வேண்டும். இலக்கணப் பிழைக்காகப் புள்ளி குறைக்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், வினாவை எடுத்துரைத்தலும் மதிப்பீட்டின் ஓர் உறுப்பாதலின், தூரிகை பிடித்தபின்னரே சிந்தனை பிறக்கப்பெறும் மாணாக்கர் இடர்ப்படுவர். சித்திரங்களை முடித்தபின் வினாவொன்றைப் புனைந்து, அது முதலிலேயே தோன்றியதுபோல எழுதுதற்கும் இடமுண்டு. உண்மைத் தேடலை வளர்க்க வகுத்த விதியே பொய்த் தேடலுக்கு வாயிலாகின்றது.

அங்ஙனமாயின் எழுத்தே வேண்டாவோ எனின், அதுவும் பொருந்தாது. மாணாக்கரை நேரிற் கண்டறியாத பரீட்சகர், விளக்கம் யாதுமின்றித் தம் சுவையையே துலாக்கோலாகக் கொள்ளுதல் கூடும். ஆதலின் எழுத்து இருக்கட்டும். அது சான்றாக இருக்கட்டும், புள்ளிக்குரிய பொருளாக வேண்டாம். பரீட்சகர் முதலிற் படங்களை நிரலே நோக்கி, அவற்றினூடே ஓடும் வினாவைத் தாமே உய்த்துணர்தல் வேண்டும். அதன்பின் எழுத்தைப் படித்து, படங்கள் அதற்குக் கரிகூறுகின்றனவா எனத் தேர்தல் முறையாகும்.

ஆசிரியரின் கடமையும் ஒன்றுண்டு. மாணாக்கர் வெட்கி ஒளிக்கும் பிழைத்தாள்களைத் திகதியிட்டுப் பேணச் செய்தல் வேண்டும். தேடலின் மெய்ம்மையை நிறுவுதற்கு, பின்னெழுந்த விளக்கத்தினும் அத்தாள்களே வலிய சான்றாகும்.