115 கிலோ விமானம்

அமெரிக்க விமான விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது 1982-இல் வந்த 103-ஆம் பகுதி. ஒற்றை இருக்கை, எரிபொருள் 5 கேலனுக்கு மிகாமல், வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோ. முழு விசையிலும் வேகம் 55 நாட் (மணிக்குக் கடல் மைல்) அளவைத் தாண்டக் கூடாது. இதற்குள் அடங்கினால் அது ‘அல்ட்ராலைட்’. விமானி உரிமமே வேண்டாம். பொழுதுபோக்குக்காக, பகலில், நெரிசலான ஊர்களைத் தவிர்த்துப் பறக்கலாம்.

இன்னொரு வரம்புதான் நுட்பமானது. என்ஜின் விசை இல்லாதபோதும், மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர் வரை வேகம் இறங்கினாலும் இறக்கை தூக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவு மெதுவாக இறங்குவதற்குச் சிறு புல்வெளியே போதும்.

அதைவிட அழகு, அவசரகாலப் பாராசூட்டின் எடையை அந்த 254-இல் சேர்ப்பதில்லை. கிராம் கிராமாக எடை குறைப்பவர் உயிர்காக்கும் பொருளைக் கழற்றிவிடக் கூடாதே! விதியை எழுதியவர் பறப்பவரின் மனம் அறிந்திருக்கிறார்.

இரண்டாவது இருக்கை வைத்தால் வேறு வகை, உரிமமும் தேவை.