துவைக்கலாம், கழுவ முடியாது

அகராதியைச் சொல் தேட மட்டும் திறப்பவர்கள் ஒரு வகை. கதை படிப்பதுபோலப் பக்கம் பக்கமாகப் படிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்குத் தரங்கம்பாடிப் பதிப்பு தனி விருந்து. 1740இல் தமிழகக் கடற்கரையில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரிசியஸ், சென்னை வேப்பேரியில் 1779இல் அச்சிட்ட தமிழ்-ஆங்கில அகராதிதான் அதற்கு மூலம். அதை விரித்துத் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1897இல் வெளியிட்டது. 1933, 1972 என்று பதிப்புகள் தொடர்ந்தன.

அதன் அழகு சொற்களை அடுக்கிய முறையில் இருக்கிறது. வேர்ச்சொல்லின் கீழேயே அதன் கிளைகளையும் தொடர்களையும் சேர்த்து வைத்திருப்பதால், ஒன்றைத் தேடிப் போனவர் ஒரு குடும்பத்தையே பார்த்துவிட்டு வருவார். அந்தப் பழக்கத்தோடு ‘கழுவு’ என்ற சொல்லைப் பார்க்கலாம்.

மலையாளத்தில் ‘கழுகு’, தெலுங்கில் ‘கடுகு’. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே இனமாகக் காட்டுகிறது. முகம், கை, மீன், தரை எதையும் கழுவலாம். வேட்டியை மட்டும் கழுவ முடியாது, துவைக்கத்தான் வேண்டும்.

துவைத்தலில் அடி இருக்கிறது. கல்லில் அடிபடும் துணிக்கும் அம்மியில் நசுங்கும் துவையலுக்கும் வினை ஒன்றே. பாத்திரத்தையும் பல்லையும் விளக்குகிறோம். அதில் ஒளி இருக்கிறது. காலை அலம்புகிறோம், அலம்புதலுக்கு ஒலித்தல் என்றும் பொருள் உண்டு, தண்ணீரின் சலசலப்பு சொல்லுக்குள்ளேயே கேட்கும். அரிசியைக் களைகிறோம், வயலில் வேண்டாத புல்லை நீக்குவதும் களைதல்தான். களைந்த நீருக்குக் கழுநீர் என்று பெயர். பேச்சில் அது கழனித்தண்ணியாகி மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. நெல் விளைந்த கழனியும் மாடு குடிக்கும் கழனியும் டெல்டா வீடுகளில் ஒரே ஒலியில் புழங்குகின்றன.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் ‘கழுவு’ விசித்திரமானது. அதில் அடி இல்லை, ஒளி இல்லை, ஓசை இல்லை. இருந்தது போயிற்று என்பது மட்டுமே உண்டு. அதனால்தான் பாவத்தைக்கூடக் கழுவ முடிகிறது. பரிகாரத்துக்குக் கழுவாய் என்று பெயர் வந்தது. மிஷனரி சீகன்பால்கு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில், இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்து கை கழுவுவது பழி தனக்கில்லை என்று காட்ட. நாம் ஒருவரைக் கைகழுவினால், இனி அவர் உறவே வேண்டாம் என்று அர்த்தம். சாப்பாடு முடிந்து எழுந்தவரின் கைகழுவல் அது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிடிகொடுக்காமல் பேசுபவரைக் ‘கழுவுற மீனில் நழுவுற மீன்’ என்பதற்கோ மீனவர் ஊரில் விளக்கமே தேவையில்லை.

இன்று முகத்துக்கும் வேட்டிக்கும் வண்டிக்கும் ‘வாஷ் பண்ணு’ ஒன்றே போதுமாகிவிட்டது. வேலை நடக்கிறது, சரி. ஆனால் பந்துவீச்சாளரைத் துவைத்துத்தான் எடுக்கிறார்கள். பட்ஜெட்டை அலசத்தான் செய்கிறார்கள். ஐப்பசி மழை வெளுத்துத்தான் வாங்குகிறது. பிடிக்காத படத்தைக் கழுவித்தான் ஊற்றுகிறார்கள். துணியை இயந்திரத்திடம் விட்டுவிட்டோம். கோபத்தையும் கும்மாளத்தையும் இன்னும் நம் வினைகளில்தான் சலவை செய்கிறோம்.