வினையும் விளைவும்: ‘ஃபால்அவுட்’ கணினி விளையாட்டின் நிறைகுறைகள்

கதையைக் கேட்பது ஓர் இன்பம். மேடையிலும் திரையிலும் காண்பது மற்றோர் இன்பம். கதைக்குள் தாமே ஒரு பாத்திரமாகப் புகுந்து, அதன் போக்கைத் தம் செயலால் மாற்றுவது கணினி யுகம் தந்த மூன்றாவது இன்பமாகும். பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியோர் ஒதுக்கிவிடும் கணினி விளையாட்டுகளுள் இலக்கியத் திறனாய்வுக்கு உரியனவும் சில உண்டு. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் இண்டர்பிளே நிறுவனம் 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபால்அவுட்’. 2024-இல் இதன் உலகைக் களமாகக் கொண்ட தொடர் ஒன்று அமேசான் பிரைமில் வெளிவந்தபின், இப்பெயர் பல இல்லங்களுக்கு அறிமுகமாகியுள்ளது. ஆயினும் மூல விளையாட்டை ஆடிப் பார்த்தோர் நம்மிடையே குறைவே. அதன் குணத்தையும் குற்றத்தையும் ஒருசேர வைத்து, மிகுதி எதுவெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 2077-ஆம் ஆண்டில் மூளும் அணு ஆயுதப் போரில் உலகம் அழிகிறது. தெற்குக் கலிபோர்னியாவில், மலைக்குள் அமைந்த 13-ஆம் காப்பறையில் மக்கள் சிலர் தலைமுறை தலைமுறையாகப் பகலவனைக் காணாமல் வாழ்கின்றனர். 2161-இல் அவர்களுடைய நீரைத் தூய்மை செய்யும் இயந்திரத்தின் சில்லு பழுதாகிறது. மாற்றுச் சில்லு ஒன்றை 150 நாட்களுக்குள் கொணருமாறு ஒருவர் வெளியே அனுப்பப்படுகிறார். அவர்தாம் ஆடுபவர், அவரே கதைத் தலைவர்.

இவ்விளையாட்டின் முதற்சிறப்பு, பாத்திரப் படைப்பை ஆடுபவர் கையில் ஒப்படைப்பதாகும். வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, நல்லூழ் என்னும் ஏழு பண்புகளுக்கு அவரே எண்களைப் பகிர்ந்தளிக்கிறார். இவை வெறும் எண்களாக நின்றுவிடுவதில்லை. அறிவுக்கு மிகக் குறைந்த எண்ணை இட்டால், தலைவரால் முழுச் சொற்றொடர் ஒன்றைக்கூடப் பேச இயலாது. எதிர்ப்படுவோரும் அதற்கேற்பவே அவரை நடத்துவர். அதே கதை, அதே ஊர்கள். ஆனால் அனுபவம் முற்றிலும் வேறு.

இரண்டாவது சிறப்பே தலையாயது. ஆடுபவர் செய்த வினைகளை இவ்வுலகம் மறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைக்கிறது. தேடிவந்த சில்லு நெக்ரோபோலிஸ் என்னும் பாழ்நகரின் அடியில் கிடைக்கிறது. அங்கே கதிர்வீச்சால் உடல் சிதைந்தும் உயிர் தரித்திருக்கும் மாந்தர், அந்தச் சில்லின் உதவியால்தான் நீர் அருந்துகின்றனர். அவ்வூரின் பழுதுபட்ட நீரேற்றும் பொறியைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டுச் சில்லை எடுப்பவர் அறவழி நின்றவர். செப்பனிடாமல் எடுத்துச் செல்பவர், தம் மக்களின் தாகத்தைத் தணிப்பதற்காகப் பிறரைத் தாகத்துக்கு இரையாக்குகிறார். தடுப்பார் எவருமில்லை. விளையாட்டு அறவுரை எதுவும் கூறுவதில்லை. இறுதியில் அந்நகரின் கதி என்னவாயிற்று என்பதை மட்டும் காட்டுகிறது.

நல்லெண்ணத்துடன் செய்த வினைக்கும் விலை உண்டு. காப்பறையின் நீர் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவர், ஹப் என்னும் வணிக நகரில் பணம் கொடுத்து அங்கிருந்து நீர் அனுப்பலாம். அதனால் 100 நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நீர் சுமந்து செல்லும் வணிகர் கூட்டத்தாலேயே காப்பறை இருக்குமிடம் பகைவருக்கு விரைவில் புலப்படுகிறது.

பகைவரின் தலைவனைப் படைத்திருக்கும் முறை மூன்றாவது சிறப்பு. மாஸ்டர் என்னும் அவன் வெறும் கொடியவன் அல்லன். மனிதரிடையேயுள்ள வேற்றுமையே போருக்குக் காரணம், ஆகவே அனைவரையும் ஒரே இனமாக உருமாற்றிவிட்டால் போர் ஒழியும் என்பது அவன் கொள்கை. அவனைப் போரிட்டு வெல்லலாம். அணுகுண்டால் அவன் இருப்பிடத்தைத் தகர்க்கலாம். மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. அவன் உருவாக்கிய இனத்துக்கு மகப்பேறு இல்லை என்பதைச் சான்றுடன் காட்டினால், தன் வாழ்நாள் உழைப்பு முழுவதும் வீணென்று உணர்ந்து அவன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். படைக்கலத்தால் வெல்ல வேண்டிய பகைவனை வாதத்தால் வெல்லும் இப்பகுதி, எந்த நாடகத்தோடும் ஒப்புநோக்கத் தக்கது.

இனிக் குறைகளைக் காண்போம். உடன் வரும் துணைவர்கள் ஆடுபவரின் கட்டளைக்கு முழுதும் அடங்குவதில்லை. இயன் என்னும் துணைவன் பகைவனைச் சுடுவதாக எண்ணித் தலைவரின் முதுகையே துளைப்பதுண்டு. பகைவனுக்கு அஞ்சுவதா, நண்பனுக்கு அஞ்சுவதா என்று ஆடுபவர் திகைக்கிறார்! அன்போடு பின்தொடரும் நாய், மரிபோசா படைத்தளத்தின் ஆற்றல் தடுப்புகளில் தானே சென்று மோதி மடிவதைப் பலரும் கண்டிருப்பர். அக்கதறல் கதை வேண்டி நிகழ்வதன்று. பொறியின் அறியாமையால் நிகழ்வது. 18 திறன்களுள் சூதாட்டம், எறிதல் முதலியவற்றில் உழைப்பைச் செலவிட்டவருக்குக் கிடைக்கும் பயனும் சிறிதே.

இவை தொழில்நுட்பக் குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். வினைக்கணக்கே பிழைபடும் இடங்கள்தாம் பெருங்குறை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இடிபாடுகளில் ஒரு நூலகத்தைக் காத்து, கல்வியையும் அமைதியையும் போதிக்கும் குழுவினர் உள்ளனர். அவர்களுக்கு எவ்வளவுதான் உதவினாலும் இறுதியில் அவர்கள் அழிந்ததாகவே கதை முடிகிறது. அவர்கள் வாழ்வதாக அமைந்த முடிவு நிறைவு பெறாமலே விளையாட்டு வெளிவந்துவிட்டது. இது துன்பியல் நோக்கால் வந்ததன்று, அவசரத்தால் வந்தது. ஜங்க்டவுன் என்னும் சிற்றூரின் முடிவோ வேறுவகையில் குறைபட்டது. நேர்மையான ஊர்த்தலைவரை ஆதரித்தால் அவருடைய கடுமையால் ஊர் தேய்வதாகவும், சூதாட்டக்காரனை ஆதரித்தால் ஊர் செழிப்பதாகவும் முதலில் திட்டமிட்டிருந்தனர். வெளியிடுமுன் அது மாற்றப்பட்டு, நல்லவருக்கு நன்மை என்னும் எளிய நீதியாயிற்று. நல்லெண்ணம் எப்போதும் நல்விளைவு தருவதில்லை என்று நீர் வணிகர் வழியாகக் காட்டிய ஆசிரியர்கள், இங்கே துணிவிழந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது கதையின் முடிவு. நீரையும் கொணர்ந்து, பகையையும் முடித்துத் தலைவர் வீடு திரும்புகிறார். காப்பறையின் வாயிலில் மேற்பார்வையாளர் நிற்கிறார். நன்றி கூறுகிறார், ஆனால் உள்ளே வரவேற்கவில்லை. வெளியுலகம் உம்மை மாற்றிவிட்டது, உம்மைக் கண்டால் இளைஞர்களும் வெளியேற விரும்புவர் என்று காரணம் காட்டி வழியனுப்பிவிடுகிறார். கொடுமையே வழியாகக் கொண்டு ஆடியவருக்கு இம்முடிவு சற்றே மாறும். மற்றையோர் பாலைவெளியில் தனியே நடக்க வேண்டியதுதான்.

எங்கும் உரிமை தந்த விளையாட்டு இறுதியில் மட்டும் அதைப் பறிப்பது குறையன்றோ என்று வினவுவோர் உண்டு. குறையன்று என்பதே என் துணிபு. ஊர் ஊராகச் சென்று ஆடுபவர் செய்த வினைகள் பிறரை மாற்றியதைப் போலவே அவரையும் மாற்றியிருக்கின்றன. கணக்கின் கடைசி வரி அதுவேயாகும். பொருள்வயிற் பிரிந்த தலைவன் பாலை கடந்து மீள்வான் என்று காத்திருப்பது நம் அகமரபு. மீண்டவன் பழைய மனிதனாக இருப்பானா, அவனை வீடு ஏற்குமா என்னும் வினாவை இக்கதை எழுப்புகிறது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்து, ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊரில் விருந்தினரைப் போல் தங்கித் திரும்பும் நமக்கு அவ்வினா புதிதன்று.

வன்முறைக் காட்சிகள் மிகுந்திருப்பதால் இது சிறுவர்க்கு உரியதன்று. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து ஆடலாம். நெக்ரோபோலிஸ் நகரின் நீரைப் பற்றி அவர்களோடு வாதிடலாம். துணைவர் பிழையும் நூலகத்தின் நிறைவுறா முடிவும் குற்றமே. ஆயினும் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதை ஆடுபவரின் கையாலேயே செய்வித்து உணர்த்தும் இவ்விளையாட்டில் குணமே மிகுதி.