பாடகரின் சரிதையும் புனிதரின் சரிதையும்

எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்டு 16 அன்று, தம் 42ஆம் வயதில், மெம்பிஸ் நகரில் மறைந்தார். அவர் வாழ்ந்த கிரேஸ்லேண்ட் இல்லத்தில் ஆண்டுதோறும் நினைவுநாளின் முன்னிரவில் இரசிகர்கள் மெழுகுதிரி ஏந்திக் கல்லறைவரை நடக்கின்றனர். நம் திருத்தலங்களை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. இத்தகைய அன்பர்களுக்கு எந்த வாழ்க்கை வரலாறு நிறைவளிக்கும்?

புகழ்மாலை மட்டுமே என்று நாம் எண்ணக்கூடும். அது பிழை. ஆல்பர்ட் கோல்ட்மன் 1981இல் எழுதிய நூலை இரசிகர்கள் வெறுத்தனர். குறைகளைச் சொன்னதற்காக மட்டுமன்று, அவற்றைச் சொல்வதில் ஆசிரியர் கண்ட இன்பத்திற்காகவும்தான் என்பது நம் கருத்து. பீட்டர் குரல்னிக் இரு தொகுதிகளில் (1994, 1999) எழுதியதும் எதையும் மூடவில்லை. டூப்பலோவின் வறுமை, பெந்தகோஸ்து ஆலயத்தில் சிறுவன் கேட்ட பாடல்கள், 1958இல் அவரை உலுக்கிய தாயின் மரணம், பின்னாளில் மாத்திரைகளுக்கு அடிமையாகி உடல் சிதைந்தமை, யாவும் உண்டு. ஆயினும் விழுந்த மனிதனின் அருகிலேயே ஆசிரியர் நிற்கிறார். இரசிகர்கள் இந்நூலைப் போற்றினர். அவர்களது பற்றும் குறையவில்லை.

நம் புனிதர் சரிதைகளோ பல, தொட்டிலிலேயே குறையற்ற குழந்தையைக் காட்டுகின்றன. இளைஞர் அவற்றைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பேதுருவின் மறுதலிப்பை நான்கு நற்செய்திகளும் எழுதி வைத்திருக்க, நம் ஆசிரியர்கள் எதற்கு அஞ்சுகின்றனரோ!