நோய்க்கும் மௌத்துக்கும் இடையிலுள்ள பக்கங்கள்

நமது சிறுகதைகளில் புற்றுநோய் கண்ட மனைவியோ கணவனோ பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வருகிறார்கள். ஒரு பந்தியில் டொக்டர் கைவிரிக்கிறார். அடுத்த பந்தியில் வாசலுக்குச் சந்தூக்கு வந்துவிடுகிறது. இடையில் கிடந்த மாதங்களைக் கதாசிரியர் மூன்று புள்ளிகளால் தாண்டிவிடுகிறார். பராமரித்தவருக்குப் ‘பொறுமையின் சிகரம்’ என்றொரு பட்டம் மட்டும் கிடைக்கிறது. அவர் எப்போது தூங்கினார், எதற்குப் பயந்தார், என்ன கற்றுக்கொண்டார் என்பதெல்லாம் எழுதப்படுவதில்லை.

இந்த வெற்றிடத்தை எனக்குத் தெளிவாக உணர்த்திய நூல் மரியன் கூட்ஸ் எழுதிய ‘தி ஐஸ்பேர்க்’. 2014இல் வெளிவந்து, 2015இல் வெல்கம் நூற்பரிசைப் பெற்றது. மரியன் லண்டனைச் சேர்ந்த கலைஞர். அவரது கணவர் டொம் லபொக் ‘இன்டிபென்டன்ட்’ பத்திரிகையின் கலை விமர்சகர். 2008இல் டொமின் மூளையில், பேச்சையும் மொழியையும் ஆளும் பகுதியில், கட்டியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. சத்திர சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கீமோ எல்லாவற்றுக்கும் பிறகு 2011 ஜனவரியில் அவர் காலமானார்.

நோய் தெரியவந்தபோது அவர்களது மகனுக்கு இரண்டு வயதும் நிரம்பியிருக்கவில்லை. மகன் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறான். தகப்பன் சொற்களை இழந்துகொண்டு போகிறார். இதை ஒப்பாரியாக்குவது எளிது. மரியன் அப்படிச் செய்யவில்லை. சிறு சிறு பகுதிகளாக, நிகழ்காலத்தில் எழுதுகிறார். நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை இடையிடையே வைக்கிறார். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்பது வாசகருக்குத் தெரியாது. அந்த நாளில் மரியனுக்கும் தெரிந்திருக்கவில்லை. நூலின் வடிவம் அனுபவத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

டொமும் தன் நோயைப் பற்றி எழுதினார். ‘மறு அறிவித்தல் வரை உயிருடன் இருக்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்பில் 2012இல் அது நூலாயிற்று. சொற்கள் தப்பிப்போன கடைசிக் காலத்தில் அவர் எழுதுவதற்கு மனைவியே துணை நின்றார். ஆக, ஒரு நோய்க்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. நோயாளியின் பிரதியைப் போலவே பராமரிப்பவரின் பிரதியும் முழுமையானது என்பதை ‘தி ஐஸ்பேர்க்’ நிறுவுகிறது.

நான் இந்த நூலை அகராதியோடு, இரவுகளில் வாசித்தேன். என் மனைவியின் தலையிலும் கட்டி இருக்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் குளிசை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, தூக்கமும் போனது. பசி கூடியது, சீனி ஏறியது, முகம் உப்பியது. பார்க்க வந்தவர்கள், “சேர், மனிசிக்கு முகமெல்லாம் பூரிச்சிரிக்கி, சொகம் வந்திட்டு” என்று மகிழ்ந்து போனார்கள். அதே வாரத்தில்தான் அவவால் பிடிக்காமல் கதிரையை விட்டு எழும்ப முடியாமற்போனது. அந்தக் குளிசை தொடைத் தசையையும் தளர்த்தும். சுகமென்று ஊர் கண்டது மருந்தின் பக்கவிளைவை. இப்படியொரு முரணை நமது எந்தக் கதையிலாவது வாசித்த ஞாபகம் எனக்கில்லை.

கீமோவால் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்கள். வெண்குழியங்கள் குறைந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க முடியாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும். நமது கதைகளிலோ வலிப்பு வந்தவரின் கையில் இன்னும் திறப்புக்கோர்வைதான் இருக்கிறது. அதை எழுதுகிறவர் ஒருநாளும் பக்கத்தில் இருந்து நேரம் பார்த்ததில்லை.

மரியனின் நூலில் எனக்கு மனக்குறையும் உண்டு. சில வாக்கியங்கள் தேவைக்கு மேல் இறுகியிருக்கின்றன. கணவன், மனைவி இருவரும் சொல்லில் வாழ்ந்தவர்கள். சுற்றிலும் எழுதவும் படிக்கவும் தெரிந்த நண்பர்கள். டொமின் இறுதி நாட்களுக்கு ஒரு ஹொஸ்பிஸும் இருந்தது. ஆறு வாரக் கதிர்ச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு அருகே வாடகை அறை தேடுகிறவனின் கணக்கு இந்த நூலில் இல்லை. அதை லண்டன்காரர் எழுதமாட்டார். நாம்தான் எழுத வேண்டும்.

என் மனைவிக்கு இப்போது தண்ணீர் என்ற சொல் வருவதில்லை. “திறப்பத் தாங்க” என்கிறா. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன். இருவருக்குமிடையே ஒரு புதிய அகராதி உருவாகிக்கொண்டிருக்கிறது. இதைப் பொறுமை என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது. இது ஒரு வேலை. கவனமும் களைப்பும் கோபமும் சிரிப்பும் கலந்த வேலை. நமது படைப்பாளிகள் அந்த மூன்று புள்ளிகளை அழித்துவிட்டு அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கட்டும்.