பெயர் எழுதாத படங்கள்

ஜூலியா மார்கரெட் கமரன் பிறந்த 200ஆவது ஆண்டையொட்டி, 2015இல் இலண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலை அவரது புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்தது. 1865இல் அவற்றைக் காட்சிப்படுத்தியதும் அதே நூதனசாலைதான். 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் இங்கேயே காலமானவர் கமரன்.

அவர் இங்கு எடுத்த படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். முப்பதுகூட எஞ்சவில்லை. விருந்தாளியாக வந்த ஓவியர் மரியன் நோர்த்தின் படத்தில் பெயருண்டு. 1878இல் எடுத்த கிராமத்தவர் படத்துக்கோ ‘களுத்துறை விவசாயிகள்’ என்பதே தலைப்பு. இங்கிலாந்தில் அவர் மரியமாக நிறுத்திப் படமெடுத்த வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரியும். களுத்துறையில் மட்டும் கேட்டு எழுத என்ன தடை? ஒளியில் காட்டிய கரிசனை பெயரில் இல்லை. இதை ஒரு குறையாகவே சொல்வேன்.

எங்கட கதை நேர்மாறு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது உம்மாவின் கலியாண அல்பம் வீட்டோடு போயிற்று. நான் பிறக்குமுன் மௌத்தான உம்மும்மாவின் பெயர் தெரியும், முகம் தெரியாது.

இன்று நான் படிப்பிக்கும் காங்கேசன்துறையும் அதே ஆண்டில் இடம்பெயர்ந்த ஊர்தான். வகுப்பில் பழைய குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னேன்.

“சேர், அம்மம்மான்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லை” என்றாள் ஒரு பிள்ளை.

“அவவின்ர பெயரை எழுதிக் கொண்டு வா” என்றேன்.